இரும்பைக் குறித்த கெல்டியச் சொல் எங்கிருந்து வந்தது? *ஈஸர்னொம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்தச் சொல்லைப் பற்றியது?

கெல்டிய மொழிகளில் இரும்பைக் குறிக்கும் சொற்கள் அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. ஐரிஷில் 'இயரன்', வேல்ஸ் மொழியில் 'ஹையர்ன்', பிரெத்தோனில் 'ஹூஆர்ன்', மாங்க்ஸில் 'யியர்ன்' என வழங்கும் இச்சொற்களையும், இன்றைய பிரான்ஸ் பகுதியில் வழங்கி மறைந்த பண்டைய காலிய மொழியின் 'இஸர்னோ-' என்ற வடிவத்தையும் ஒப்பிட்டு, இவற்றுக்கெல்லாம் தாயான தொல்கெல்டியச் சொல் *ஈஸர்னொம் என்று மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். நாம் நன்கறிந்த ஆங்கில 'அயர்ன்', ஜெர்மன் 'ஐஸன்' ஆகியவையும் இதனோடு நெருங்கிய தொடர்புடையவை. சொல்லின் வடிவத்தில் பெரிய சண்டை இல்லை. அந்த வடிவத்துக்கு முன்னால் என்ன இருந்தது, அதற்கு முதலில் என்ன பொருள் இருந்தது என்பதில்தான் நூறாண்டுக்கும் மேலாக வழக்கு நடக்கிறது.

சொல்லுக்கு முன்னால் உள்ள உடுக்குறி (*) எதற்கு?

எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் நேராகக் கிடைக்காத, ஒப்பீட்டின் வழியே கணித்துப் பெறப்பட்ட வடிவம் என்பதை அது காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் அகஸ்ட் ஷ்லைஹர் இவ்வழக்கத்தைப் பரப்பினார். திராவிடச் சொற்பிறப்பியல் படித்தவர்களுக்கு இது பழகிய குறிதான்.

ஐரிஷ் 'இயரன்' எங்கே, *ஈஸர்னொம் எங்கே? நடுவில் உள்ள 'ஸ' எப்படி வந்தது?

ஐரிஷில் இரண்டு உயிர்களுக்கு இடையே வந்த ஸகரம் தேய்ந்து மறைந்துவிட்டது. பழைய ஐரிஷ் வடிவம் ஈரசையாக 'இ-அர்ன்' என்று ஒலித்ததே, நடுவிலிருந்து ஏதோ ஒரு மெய் விழுந்திருக்கிறது என்பதற்குச் சான்று. பிரித்தானியக் கிளையில் அதே ஸகரம் ஹகரமாகி, பிறகு சொல்லின் முதலுக்கே தாவிவிட்டது. வேல்ஸ் 'ஹையர்ன்', பிரெத்தோன் 'ஹூஆர்ன்' ஆகியவற்றின் தொடக்கத்தில் நிற்கும் ஹகரம் அப்படி இடம்பெயர்ந்ததுதான். ஸகரத்தை அப்படியே காத்து வைத்திருப்பது காலிய மொழி.

அதற்கான சான்று சுவையானது. பிரான்ஸின் ஜூரா மலைப்பகுதித் துறவிகளின் வரலாற்றைக் கூறும், ஏறத்தாழ கி.பி. 520ஐச் சேர்ந்த ஒரு லத்தீன் நூல், புனித யூகெந்துஸ் பிறந்த ஊருக்கு அருகிலிருந்த இடத்தைப் பற்றிச் சொல்லும்போது, பழைய கோயில் ஒன்றின் மிக வலுவான அடைப்பை முன்னிட்டு அவ்விடத்துக்குக் காலிய மொழியில் 'இஸர்னோதொரி', அதாவது 'இரும்புக் கதவு' என்று பெயர் வந்ததாக விளக்குகிறது. அந்த ஊர் இன்று பிரான்ஸின் 'ஏன்' (Ain) என்னும் மாவட்டத்தில் 'இஸெர்னோர்' என்ற பெயரோடு இருக்கிறது. பெயரின் பின்பாதி உண்மையில் 'கதவு'தானா, அல்லது காலிய ஊர்ப்பெயர்களில் அடிக்கடி வரும், கோட்டை அல்லது சந்தை என்று பொருள்படும் வேறொரு சொல்லா என்று ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். நூலாசிரியர் தம் காதில் விழுந்தபடி பொருள் கொண்டிருக்கலாம். ஆனால் முன்பாதி இரும்பு என்று, அந்த மொழியின் நினைவு மங்காத காலத்தில் ஒருவர் எழுதி வைத்திருப்பது நமக்குப் பெரும் பேறு.

ஆட்பெயர்களிலும் இச்சொல் நிறைய உண்டு. வேல்ஸ் வரலாற்றில் 11ஆம் நூற்றாண்டு அரசன் ட்ரஹையர்ன் அப் கரதோக் இருக்கிறான். வடமேற்கு வேல்ஸின் ஊர்ப்பெயர் ஒன்றில் புனித ஐல்ஹையர்ன் இருக்கிறார். மனிதனுக்கு இரும்பு என்று பெயரிடும் அளவுக்கு அந்த உலோகத்தின் மீது மதிப்பு இருந்திருக்கிறது.

முதலெழுத்து நெடில் ஈகாரம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தாண்டிவிடக் கூடாது. பின்னால் வரும் கருதுகோள்கள் எல்லாம் இந்த ஒரு குறில்-நெடில் வேறுபாட்டில்தான் நிற்கின்றன, விழுகின்றன.

நம் எழுத்தில் இ, ஈ என்றும் எ, ஏ என்றும் பிரித்தெழுதிவிடலாம். லத்தீன் எழுத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே காலியச் சான்று குறிலா நெடிலா என்று சொல்லாது. பழைய ஐரிஷும் உதவாது. அங்கே உயிரை அடுத்து உயிர் வரும்போது முதல் உயிர் குறுகிவிடும் என்பதால், மூலத்தில் எது இருந்தாலும் முடிவு ஒன்றே. வேல்ஸ், பிரெத்தோன் வடிவங்களிலோ முதலசை மிகவும் உருமாறிவிட்டது. எனவே உறுதியான சான்று கெல்டியத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கின் வடிவம், பழைய உயர் ஜெர்மனின் 'ஈஸர்ன்', பழைய ஆங்கிலத்தின் 'ஈஸர்ன்', 'ஈஸன்', 'ஈரன்' ஆகிய மூன்று வடிவங்கள் என அனைத்தும் நெடிலையே காட்டுகின்றன. ஜெர்மனில் 'ஈ' பின்னாளில் 'ஐ' ஆனதால்தான் இன்று 'ஐஸன்' என்கிறார்கள். கெல்டியச் சொல்லின் உயிரளவைத் தெரிந்துகொள்ள ஜெர்மானிய வாயைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பது இத்துறையின் வேடிக்கைகளில் ஒன்று.

இந்தோ-ஐரோப்பிய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இரும்புக்கு ஒரு சொல் இல்லையா?

இல்லை. லத்தீனில் 'ஃபெர்ரும்', கிரேக்கத்தில் 'சிதேரோஸ்', லித்துவேனியத்தில் 'கெலெஜிஸ்' என ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களே உள்ளன. முதல் இரண்டின் பிறப்பும் தெளிவில்லாதது. காரணம் எளிது. இம்மொழிகளுக்கெல்லாம் மூலமான இந்தோ-ஐரோப்பியத் தாய்மொழி கிளைகளாகப் பிரிந்து வெகுகாலம் கழிந்த பிறகே இரும்பை உருக்கும் தொழில் பரவியது. அதனால் ஒவ்வொரு கிளையும் தன் பாட்டுக்குப் பெயர் தேடிக்கொண்டது. சில உருவாக்கின, சில அயலாரிடம் கடன் வாங்கின. *ஈஸர்னொம் இவ்விரண்டில் எந்த வகை என்பதே கேள்வி.

'குருதி' என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்க மொழியியலாளர் வாரன் கௌகில் (1929–1985) முன்வைத்த இக்கருத்தே இன்று பலராலும் முதலில் குறிப்பிடப்படுவது. குருதியைக் குறிக்கப் பழைய இந்தோ-ஐரோப்பியத்தில் ஒரு சொல் இருந்தது. மறைந்துபோன ஹிட்டைட் மொழியில் 'ஏஸ்ஹர்', சமஸ்கிருதத்தில் 'அஸ்ருக்', மறைந்துபோன இன்னொரு மொழியான தொகாரியத்தில் 'யசர்' என அதன் வழிவந்த சொற்கள் கிடைக்கின்றன. அதன் முதலுயிரை நீட்டி, '-னோ-' என்ற ஈற்றைச் சேர்த்தால் 'குருதியைச் சார்ந்தது, குருதி நிறமுடையது' என்ற பொருளில் *ஏஸர்னொம் போன்ற ஒரு வடிவம் பிறக்கும்.

உயிரை நீட்டிப் புதுச்சொல் ஆக்கும் முறை நமக்கு அந்நியமன்று. சிவனிலிருந்து சைவம், புத்தனிலிருந்து பௌத்தம், விஷ்ணுவிலிருந்து வைஷ்ணவம் என்று வடமொழி இலக்கணம் 'விருத்தி' என அழைக்கும் அதே உத்திதான்.

அடுத்த படி, கெல்டியத்தின் மிக உறுதியான ஒலிமாற்றம் ஒன்று. தாய்மொழியின் நெடில் 'ஏ' கெல்டியத்தில் 'ஈ' ஆகும். லத்தீனில் அரசன் 'ரேக்ஸ்', காலியத்தில் 'ரீக்ஸ்', பழைய ஐரிஷில் 'ரீ'. ஜூலியஸ் சீசரை எதிர்த்துப் போரிட்ட வெர்கிங்கெடோரிக்ஸின் பெயரின் கடைசித் துண்டு இதுவே. இந்த விதிப்படி *ஏஸர்னொம் என்பது *ஈஸர்னொம் ஆகும். எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. எங்கும் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

ஒலி தீர்ந்தது, பொருள் தீரவில்லை. புதிதாகத் தேய்த்த இரும்பு சாம்பல் நிறம், பழகிய இரும்பு கறுப்பு. அதற்கு எதற்குக் குருதியின் பெயர்? துரு சிவப்பு, உலையில் காய்ந்த இரும்பு சிவப்பு, சில தாதுக்கள் சிவப்பு என்று விடை சொல்கிறார்கள். ஹெமடைட் என்னும் இரும்புத்தாதுவின் பெயரே கிரேக்கத்தில் குருதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சித்த மருந்துக் கடையில் அயச்செந்தூரத்தைப் பார்த்தவர்களுக்கு இரும்பு எப்படிச் சிவக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இவை எல்லாம் 'இருக்கலாம்' என்பதற்கு மேல் போகாதவை.

எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றுவது வேறொன்று. அதர்வ வேதத்தில், சமைத்த சோற்றை ஒரு பேருடலாகப் பாடும் பகுதியில், கருநிற உலோகம் அதன் தசை என்றும் செந்நிற உலோகம் அதன் குருதி என்றும் வருகிறது. அங்கே குருதியோடு ஒப்பிடப்படுவது செம்பே. கருநிற உலோகமாகிய இரும்பு தசையாகிறது. முதற்பார்வையில் இது கௌகிலுக்கு எதிரான சாட்சி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. செம்மையைக் குறித்த 'லோஹ' என்ற சொல் முதலில் செம்பையும், பின்னாளில் இரும்பையும் குறிக்கலாயிற்று. இந்தியில் 'லோஹா' இன்று இரும்புதான். நம்முடைய 'உலோகம்' அதே சொல்லின் பொதுப்பொருள் வடிவம். செம்புக்கு இட்ட நிறப்பெயர் இரும்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது நடக்கக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம். *ஈஸர்னொமும் ஒரு காலத்தில் செம்பையோ வெண்கலத்தையோ குறித்திருந்தால் குருதிப்பெயர் இயல்பாகப் பொருந்திவிடும். அப்படிக் குறித்ததற்குக் கெல்டிய மொழிகளில் தடயம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய ஐரிஷில் வெண்கலத்துக்கும் செம்புக்கும் 'உமே' என்ற வேறு சொல் இருந்தது.

இன்னொரு குறையும் உண்டு. கெல்டிய மொழிகள் எதிலும் குருதிக்கான அந்தப் பழைய சொல் எஞ்சவில்லை. ஐரிஷில் 'ஃபுல்', வேல்ஸில் 'க்வைத்' என்று வேறு சொற்களே உள்ளன. தாய் மறைந்து மகள் மட்டும் உயிரோடிருப்பது மொழிகளில் நடப்பதுதான்; இருந்தாலும் சாட்சி ஒன்று குறைகிறது.

'வலிமையான உலோகம்', 'புனித உலோகம்' என்ற விளக்கம் தவறா?

பழைய கையேடுகளில் இதுவே அதிகம் காணப்படும். சமஸ்கிருத 'இஷிர' (வேகமும் வலிமையும் உடைய), கிரேக்க 'ஹியெரோஸ்' (புனிதமான) ஆகியவற்றோடு இச்சொல்லை இணைத்து, வெண்கலத்தைவிட உறுதியான உலோகம் என்பதால் இப்பெயர் வந்தது என்றார்கள். வானிலிருந்து விழுந்த விண்கல் இரும்பைப் பண்டைய மக்கள் புனிதமாகக் கருதினார்கள் என்பதையும் சிலர் சேர்த்துக்கொண்டார்கள். எகிப்தியர் இரும்பை 'வானத்து உலோகம்' என்றது உண்மை. ஆனால் அதைக் கெல்டியரின் ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்குக் கொண்டுவர ஆதாரம் வேண்டும்.

பொருள் அழகாக இருக்கிறது. ஒலிதான் ஒத்துழைக்கவில்லை. அந்த வேரிலிருந்து கெல்டியத்தில் குறில் இகரத்தோடு *இஸரோ- என்ற வடிவமே இயல்பாக வரும். நமக்குத் தேவையோ நெடில். சரி, வேரின் முழுவடிவமான *எய்ஸ்- என்பதிலிருந்து தொடங்கலாம் என்றால், கெல்டியத்தில் 'எய்' என்பது 'ஏ' ஆகும், 'ஈ' ஆகாது. கடவுளைக் குறித்த *தெய்வோஸ் என்பது கெல்டியத்தில் *தேவோஸ் ஆனதே சான்று. குறிலும் உதவவில்லை, கூட்டுயிரும் உதவவில்லை.

ஐரோப்பாவின் இஸார், இஸேர், வாஸ் ஆகிய ஆறுகளின் பழம்பெயரான 'இஸரா' இதே 'வேகமுடைய' என்ற வேரிலிருந்து வந்தது என்று காட்டி, அதைத் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. அந்த ஆற்றுப் பெயர்கள் கெல்டியமா, அதற்கும் முந்தைய ஏதோ ஒரு மொழியா என்பதே முடிவாகவில்லை. தெரியாத ஒன்றைக் கொண்டு தெரியாத இன்னொன்றை விளக்குவது கடனை அடைக்கக் கடன் வாங்குவது போன்றது.

பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கர்களின் 'ஐஸர்', இல்லிரியக் கடன்சொல் என்பவை?

'எய்' கெல்டியத்தில் பொருந்தவில்லை என்றதும், கூட்டுயிரைக் கொண்ட இச்சொல் வேறொரு மொழியிலிருந்து கெல்டியத்துக்குள் வந்திருக்கலாம் என்று சிலர் கருதினார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கிழக்கு ஆல்ப்ஸை ஒட்டி வழங்கி மறைந்த இல்லிரிய, வெனெத்திய மொழிகள் இதற்கு வசதியாக அமைந்தன. அம்மொழிகளைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்ததால் எதை வேண்டுமானாலும் அவற்றின் தலையில் கட்ட முடிந்தது. அந்தச் சொல் அம்மொழிகளில் கிடைத்ததால் எழுந்த கருத்து அன்று இது. இன்று இதற்குச் செல்வாக்கு குறைவு.

எட்ருஸ்கத் தொடர்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் சிலைக் கல்வெட்டில் இருந்த 'கைஸர்' என்ற பெயரின் முதலெழுத்தை மின்னல் அடித்துக் கரைத்துவிட்டது என்றும், அவ்வெழுத்து (C) ரோம எண்முறையில் நூறைக் குறிப்பதால் அவர் இன்னும் நூறு நாளே வாழ்வார் என்றும், மிஞ்சிய 'ஐஸர்' எட்ருஸ்க மொழியில் கடவுளைக் குறிப்பதால் அவர் தெய்வமாவார் என்றும் நிமித்திகர்கள் சொன்னதாக ரோம வரலாற்றாசிரியர் சுயெத்தோனியுஸ் எழுதுகிறார். அந்தத் தெய்வச் சொல்லுக்கும் இரும்புக்கும் ஓசை ஒற்றுமையைத் தவிர உறவு எதுவும் நிறுவப்படவில்லை.

தமிழில் 'அயம்' என்றால் இரும்பு. ஆங்கில 'அயர்ன்' அதிலிருந்து வந்ததா?

இல்லை. தமிழ் 'அயம்' வடமொழி 'அயஸ்' என்பதன் வழிவந்தது. ரிக் வேதத்தில் அது பொதுவாக உலோகத்தையும், செம்பு அல்லது வெண்கலத்தையும் குறித்தது. இரும்பு என்ற பொருள் பின்னர் வந்தது. லத்தீன் 'ஐஸ்' (வெண்கலம்) அதற்கு இனச்சொல். இந்தக் குடும்பத்தோடு *ஈஸர்னொமை இணைக்கும் முயற்சிகளும் நடந்தன. ஆனால் 'அய்' என்ற தொடக்கம் கெல்டியத்தில் 'ஈ' ஆவதற்கு வழியில்லை. ஆங்கிலத்தில் 'அயர்ன்' என்று 'அய்' ஒலிப்பது மிக அண்மைக்கால மாற்றம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே 'ஈரன்' என்றுதான் சொன்னார்கள். இன்றைய ஒலிகளை வைத்து உறவு கொண்டாடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

அயர்லாந்துக்கும் இரும்புக்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. அந்நாட்டின் பழம்பெயரான 'ஏரியு' என்பது 'கொழுத்த, வளமான' என்று பொருள்படும் வேறொரு வேரைச் சேர்ந்தது என்பது பெரும்பாலோர் கருத்து.

கெல்டியர் ஜெர்மானியருக்குக் கொடுத்தார்களா, மறுதலையா?

கெல்டியர் கொடுத்தது என்பதே வலுவான முடிவு. குருதிக் கருதுகோளை ஏற்றால் இது தானாகவே நிறுவப்படும். தாய்மொழியின் 'ஏ' ஜெர்மானியத்தில் 'ஈ' ஆகாது. அந்த மாற்றம் கெல்டியத்துக்கே உரியது. ஜெர்மானியர் 'ஈ'யோடு சொல்கிறார்கள் என்றால், கெல்டியரின் வாயில் மாறி முடிந்த பிறகே வாங்கியிருக்கிறார்கள். அரசனைக் குறிக்கும் கோதிக் 'ரீக்ஸ்' என்ற சொல்லும் இதே வழியில் போனதுதான்.

தொல்லியலும் ஒத்துப்போகிறது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்க ஊரில் யோஹன் கேயோர்க் ராம்ஸவர் 1846 முதல் 1863 வரை ஏறத்தாழ ஆயிரம் கல்லறைகளை அகழ்ந்தார். அவ்வூரின் பெயரால் வழங்கும் பண்பாடு கி.மு. 800 அளவில் இரும்புக் காலத்துக்குள் நுழைந்துவிட்டது. வட ஜெர்மனியில் இரும்புத்தொழில் வேரூன்றியது அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து. தொழில் தெற்கிலிருந்து போனது. சொல்லும் கூடவே போயிருக்கிறது. ஆனால் ஹால்ஸ்டாட் மக்கள் எல்லாரும் கெல்டிய மொழி பேசினார்கள் என்று மண்வெட்டியைக் கொண்டு நிறுவ முடியாது. மண்ணுக்குள் கிடைப்பது வாள்தான், வாய்மொழி அன்று.

எந்தக் காலத்தில் இந்தக் கடன் நடந்தது?

அரசனைக் குறிக்கும் சொல்லில் கெல்டிய 'க' ஒலியின் மென்வடிவம் ஜெர்மானியத்தில் வல்லொலியாக மாறியிருப்பதால், அது ஜெர்மானிய மெய்யொலிகளை மாற்றிய கிரிம் விதி செயல்படுவதற்கு முன்பே கடன் வாங்கப்பட்டது என்று கணிக்க முடிகிறது. *ஈஸர்னொமில் அந்த வசதி இல்லை. கிரிம் விதி தொடுவது க, த, ப போன்ற வெடிப்பொலிகளை. இந்தச் சொல்லில் இருப்பவை ஸ், ர், ன், ம் மட்டுமே. விதிக்கு முன் வந்திருந்தாலும் பின் வந்திருந்தாலும் உருவம் ஒன்றுதான். சொல்லின் உடலிலேயே காலமுத்திரை பதியாத கடன் இது.

பழைய ஆங்கிலத்தின் 'ஈரன்' வடிவத்தில் ஸகரத்துக்குப் பதில் ரகரம் இருப்பதைக் கொண்டு, ஜெர்மானியத்தில் ஸகரம் சில இடங்களில் மென்மையாகிப் பின் ரகரமானதை விளக்கும் வெர்னர் விதிக்கு முந்தையது இக்கடன் என்று வாதிடுவோர் உண்டு. அருகிலேயே 'ஈஸர்ன்', 'ஈஸன்' என்று ஸகர வடிவங்களும் வாழ்ந்ததால் அந்த வாதத்தில் நான் அதிக எடை வைக்கமாட்டேன்.

இந்தக் கருதுகோள்களில் எதை ஏற்கலாம்?

கெல்டியத்திலிருந்து ஜெர்மானியத்துக்குப் போன கடன் என்பதை ஐயமின்றி எழுதலாம். குருதிக் கருதுகோளை 'ஒலியளவில் சிறந்தது' என்று எழுதலாம். 'இரும்பு என்றால் குருதிநிற உலோகம் என்று பொருள்' என்று நேராக எழுதக் கூடாது. இணையத்தில் பெரும்பாலும் இப்படி நேராக எழுதும் வகையே பரவியிருக்கிறது. 'புனித உலோகம்' என்பதை வரலாற்றுக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக ஏதேனும் கிடைத்தால் வழக்கு முடியுமா?

முடியலாம். ஸ்பெயினில் பேசப்பட்ட கெல்திபேரிய மொழி, 'எய்' என்ற கூட்டுயிரைக் குலைக்காமல் 'ஈ'யிலிருந்து வேறாகக் காத்தது. சரகோசாவுக்கு அருகில் போத்தோர்ரித்தாவில் 1970இல் கிடைத்த வெண்கலத் தகடு போன்ற நீண்ட ஆவணங்கள் அம்மொழியில் உண்டு. அப்படி ஒன்றில் இரும்பைக் குறிக்கும் சொல் 'எய்' என்று தொடங்கிக் கிடைக்குமானால் குருதிக் கருதுகோள் விழுந்துவிடும், *எய்ஸ்- என்ற பழைய வேர் மறுபடி எழுந்துவரும். 'ஈ' என்று தொடங்கினால் கௌகில் சொன்னது இன்னும் ஒரு படி உறுதியாகும்.